திறந்த பூட்டை உடைத்தவர்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் மச்சினியும் நலம். போனில் கேட்காமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேரம் பேசுவீர்கள், நான் படிந்துவிடுவேன். பதினேழு வருடமாக நமக்குள் அதுதான் நடக்கிறது. சகலைகளுக்குள் அது இருந்துவிட்டுப் போகட்டும். இதில் வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை என் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரை உங்கள் ஊர் நினைவகத்துக்கு அழைத்து வந்தேன். வீட்டுக்கு வராமல் போய்விட்டேன் என்று அண்ணிக்குக் கோபமாம். ஐந்து மணிக்குப் பஸ் கிளம்பவேண்டியிருந்தது, மன்னிக்கச் சொல்லுங்கள்.

பாடப்புத்தகத்தில் இனப்படுகொலைக்கு ஒன்றரைப் பக்கம். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் அக்கரைத் தெருக்கள் மூன்றில் இருந்தவர்களை ஒலிபெருக்கி வைத்து அழைத்தார்கள், கணக்கெடுப்பு, மூன்று நாளில் திரும்பிவிடலாம், வீட்டைப் பூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. வந்தவர்களைத் தானியக் கிடங்கில் அடைத்துக் கொன்றார்கள். இதைப் பிள்ளைகள் ஒன்றரைப் பக்கமாகப் படித்தால் இரண்டு மார்க் கேள்வியாகத்தான் ஞாபகம் இருக்கும். அதனால்தான் இப்போது நினைவகமாக இருக்கும் அந்தக் கிடங்குக்கே அழைத்து வருகிறேன். அங்கே நான் பாடம் நடத்துவதில்லை. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடு, அதன் முன்னால் அரை மணி நேரம் நில், மூன்று கேள்வி எழுது, பதில் எழுதாதே என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாம் அறையில் பன்னிரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் நூறு பூட்டுகள். ‘நம்பிக்கையோடு பூட்டிச் சென்றவர்களின் வீடுகளில் உடைக்கப்பட்ட பூட்டுகள்’ என்று மேலே பலகை. என் வகுப்பில் ஒரு பெண். அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே தகரப் பெட்டியோடு உட்கார்ந்து சாவி செய்கிறவர். அவள் அரை மணி நேரத்தைத் தாண்டியும் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. பிறகு என்னிடம் வந்தாள்.

“சார், வளையத்தோட நுனியில ஒரு வெட்டு இருக்கும். பூட்டியிருக்கிறப்ப உடைச்சா அந்த வெட்டுதான் முதல்ல பிய்யும். இதுல நிறைய பூட்டுல அது புதுசு மாதிரி இருக்கு. திறந்து கிடந்த பூட்டைத்தான் அடிச்சிருக்காங்க. திறந்த பூட்டை யாரு சார் உடைப்பாங்க?”

பஸ்ஸில் வரும்போதுதான் உங்கள் புது ஹார்டுவேர் கடைத் திறப்பு நினைவுக்கு வந்தது. எல்லோர் முன்னாலும், “மியூசியத்துல இருக்கிற பூட்டெல்லாம் நம்ம சரக்குதான் சகலை” என்றீர்களே. கட்டடத்தின் கதவுப் பூட்டைச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக் கைகுலுக்கினேன்.

கதவுப் பூட்டா, பெட்டிக்குள் இருக்கும் பூட்டா? எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகலை


ஆகஸ்ட் 11

சகலைக்கு,

கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டதும் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக் கடையில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். படித்து முடித்தபிறகு நோட்டீஸே தேவலை என்று தோன்றியது. நோட்டீஸில் ‘நம்பிக்கையோடு’ என்றெல்லாம் எழுதமாட்டார்கள்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணம் நிச்சயமானபோது உங்கள் அண்ணிக்கு. அதையே இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள், இரண்டு வரிதான் இருந்தது, அதில் ஒன்று கடை விலாசம் என்று. அந்த ஆளை உட்காரவைத்து எழுதச் சொல்கிறீர்கள். சரி.

கொஞ்சம் கொடுத்தேன். பெட்டிக்குள்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நினைவகம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அப்போதைய காப்பாளர் கடைக்கு வந்தார். பன்னிரண்டடிப் பெட்டி செய்துவிட்டார்கள், கையில் இருந்த பூட்டோ பதினாலு. “மந்திரி வந்து நிக்கிறப்ப மூலையில நாலு பூட்டு கிடந்தா நல்லாவா இருக்கும்? மாதிரிக்குக் கொஞ்சம் நிரப்பிக் குடுங்க” என்றார். மாதிரி என்று அட்டையில் எழுதிவைப்பதாகவும் சொன்னார். எழுதினாரா, எழுதியதைப் பிறகு எடுத்துவிட்டார்களா, தெரியாது. நான் திறப்புக்குப் போகவில்லை. அவர் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார்.

கடை வைத்திருப்பவனுக்கு இதில் ஒன்றும் விசேஷம் இல்லை. தட்டு காலியாக இருந்தால் வருகிறவர் இந்தக் கடை படுத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போவார். முன்வரிசையை நிரப்பு என்பது நான் எல்லா ஆட்களுக்கும் முதல்நாள் சொல்லிக்கொடுப்பது. அதைத்தான் அங்கேயும் செய்தேன். யாருக்கு நஷ்டம்? பூட்டு என்னுடையது என்பதால் செத்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்களா?

அந்தப் பெண் கெட்டிக்காரி. முழு மார்க் போட்டு விஷயத்தை முடியுங்கள். படிப்பு முடிந்ததும் வேலை வேண்டுமென்றால் என்னிடம் அனுப்புங்கள், சும்மா சொல்லவில்லை.

அண்ணி சின்னவளுக்குப் புடவை அனுப்பியிருக்கிறாள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, லஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெரிய சகலை


ஆகஸ்ட் 16

அண்ணனுக்கு,

‘கொஞ்சம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நூறில் பதினாலு போனால் எண்பத்தாறு. எண்பத்தாறு எந்த ஊரில் கொஞ்சம்?

யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்கள். என் வகுப்பில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் மகன் இருக்கிறான். குடும்பம் உங்கள் ஊர்தான். அவன் திரும்பி வந்த அன்றே, “எங்க தாத்தா சொல்வாரு சார், யாரும் யாரையும் கொல்லலை, அவங்களாத்தான் கிளம்பிப் போயிட்டாங்கன்னு” என்றான். இதைச் சொல்ல வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது இருக்கும். ‘சரி, கிளம்பிப் போனவன் கதவை யார் உடைத்தார்கள்?’ என்று கேட்டு அந்தப் பூட்டுகளைக் காட்டுவேன். அதற்குமேல் எவனும் பேசியதில்லை. எட்டு வருடமாக நான் காட்டியது உங்கள் சரக்கு.

உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன். பத்து மூட்டையில் ஒரு மூட்டை கலப்படம் என்று தெரிந்தால் வாடிக்கையாளர் மற்ற ஒன்பதையும் நம்பி வாங்குவாரா?

அந்தப் பெண் நோட்டில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். ‘வெளியிலிருந்து தெளிவாகத் தெரிந்தவை எழுபத்திரண்டு. அறுபது, திறந்த நிலையில் அடிக்கப்பட்டவை. மீதிப் பன்னிரண்டு பின்வரிசையில் இருக்கின்றன. அவை உடையவே இல்லை. பூட்டியபடி இருக்கின்றன. நாதாங்கியோடு சேர்த்துப் பிடுங்கியதுபோல் இருக்கிறது, ஆணியில் மரச் சிராய் ஒட்டியிருக்கிறது. உடையாத பூட்டு ஏன் உடைந்த பூட்டுகளின் பெட்டியில் இருக்கிறது?’

இதற்கு நான் மார்க் போடவேண்டும். தவறு என்று அடித்தால் பொய் சொன்னவனாவேன். சரி என்று போட்டால் அடுத்த கேள்விக்குத் தயாராக வேண்டும்.

உங்களிடம் ஒரு தாள் கேட்கிறேன். எத்தனை கொடுத்தீர்கள், யார் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று எழுதி, கீழே கையெழுத்து. நினைவகத்தில் இப்போது புதுக் காப்பாளர், நியாயமான பெண்மணி. பலகையை மாற்றிவிடுவார். சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. கொடுத்தது நீங்கள். உடைத்தது யார்?

சகலை


ஆகஸ்ட் 24

வாத்தியாரே,

எட்டு நாள் தள்ளிப்போட்டேன். ஸ்டாக் எடுக்கிற வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடைத்தது நான்தான். வார விடுமுறை நாளில், கடைக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் ஷட்டரை இறக்கிவிட்டு, பட்டடைக் கல்லின் மேல் வைத்து அடித்தேன். ஆட்களை விடவில்லை. ஆட்களை விட்டால் வெளியே பேசுவார்கள் என்று அப்போதே தோன்றியிருக்கிறது, பாருங்கள். தப்பில்லாத காரியத்துக்கு யாராவது ஷட்டரை இறக்குவார்களா?

எல்லாம் பழைய பூட்டு, சாவி தொலைந்து காயலான் கடைக்கு வந்தவை. கம்பியை விட்டுத் திறந்து சரிசெய்து விற்பதற்காக வைத்திருந்தேன். பூட்டியிருக்கிற பூட்டை உடைக்க இருபது அடி வேண்டும், திறந்திருப்பதற்கு மூன்று அடி. எண்பத்தாறு பூட்டு. நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா? பிறகு உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு வாரம் மொட்டை மாடியில் போட்டேன். துரு நன்றாகப் பிடித்தது. உங்கள் அண்ணி துணி காயப்போட வந்து, “இது என்னங்க கண்றாவி?” என்றாள். “ஆர்டர்” என்றேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காப்பாளர் நிஜத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “உங்களோடதுதான் நிஜம் மாதிரி இருக்கு” என்றார்.

கையெழுத்துப் போடமாட்டேன்.

காரணம் கேட்பீர்கள். நகராட்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் சாமான் போடுகிறேன். ‘போலிப் பூட்டு’ என்று ஒரு வார்த்தை ஊரில் கிளம்பினால் பூட்டு விற்கிறவனுக்கு அதைவிட வேறென்ன சாவு வேண்டும்? இதை ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம் இருக்கிறது. இதைக் கிளறினால் என்னோடு நிற்காது. அதற்குமேல் கேட்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது காட்டுங்கள். அந்த ஊரில் காட்டுவதற்கா பஞ்சம்?

பெரிய சகலை


ஆகஸ்ட் 29

அண்ணனுக்கு,

சத்தமில்லாமல் முடிக்கும் காலம் போய்விட்டது.

ஒப்பந்தக்காரர் மகன் அந்தப் பெண்ணின் நோட்டைப் படம் எடுத்து அப்பாவிடம் காட்டியிருக்கிறான். திங்கட்கிழமை பள்ளி வாசலில் துண்டுத்தாள் கொடுத்தார்கள். ‘பூட்டே பொய் என்றால் மீதியும் பொய்தானே? நம் பிள்ளைகளுக்கு வெறுப்பைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரை என்ன செய்யலாம்?’ என்னிடம் மட்டும் பன்னிரண்டு தாள் சேர்ந்துவிட்டது. தலைமையாசிரியர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். இனி எந்த நினைவகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகக்கூடாது என்பது வாய்மொழி உத்தரவு.

நம் மாமா சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பழசை எதுக்கு மாப்பிள்ளை கிளறணும்? புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுங்க, பொழச்சுக்கும்” என்றார். எண்பத்திரண்டு வயசு, என்னோடு இருக்கிறவர். தாளை வாங்கி மடித்துவைத்தேன். சின்னவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதெல்லாம் எனக்கு நேர்வது. என் தொழிலில் இது உண்டு. சொல்லவந்தது வேறு.

நேற்று மதியம் அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். வகுப்பில் அவளுக்கு இப்போது ‘பூட்டு’ என்று பெயர். ஒரு கூட்டம் அவளைத் தலையில் தூக்கி ஆடுகிறது, ‘நம்ம பொண்ணு கண்டுபிடிச்சா, எல்லாம் புளுகு’ என்று. இன்னொரு கூட்டம் துரோகி என்கிறது. அவள் நோட்டைத் திருப்பிக் கேட்டாள். “அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடறேன் சார். நான் பூட்டைப் பத்தித்தான் கேட்டேன். செத்தவங்க இல்லைன்னு நான் கேட்கலை.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எட்டு வருடமாகக் கேள்வி கேள் என்று சொல்லிக்கொடுத்து, ஒருத்தி உருப்படியாகக் கேட்டாள். அவளே அதைக் கிழிக்கவேண்டும் என்கிறாள்.

உங்கள் கையெழுத்தை இனி கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இந்த விஷயத்தில் இதுவே என் கடைசிக் கடிதம்.

சகலை


செப்டம்பர் 5

சகலைக்கு,

நேற்று நினைவகத்துக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் முதல்முறை. கடையிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

டிக்கெட் கொடுக்கிற பெண் என்னை அடையாளம் தெரிந்து, “வாங்கய்யா, பூட்டு ஏதாவது மாத்தணுமா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அந்தப் பெண் எழுதியது எல்லாம் சரி. பின்வரிசையில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறாள், என்னுடைய பெரிய இரும்புப் பூட்டு ஒன்று இரண்டை மறைத்துக்கொண்டிருக்கிறது. பதினாலு. அவை ஏன் உடையவில்லை என்று கேட்டாளே, அதற்குப் பதில் தெரிந்தவன் இந்த ஊரில் நான்தான் என்று நினைக்கிறேன். அல்லது பதில் சொல்லக்கூடியவன்.

வீடு புகுந்து கொள்ளையடிக்கிறவன் பூட்டை உடைக்கமாட்டான் சகலை. நேரம் ஆகும். கடப்பாரையை நாதாங்கிக்குப் பின்னால் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பூட்டு பூட்டினபடியே இருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கிடங்குக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய இரும்புக் கடையில் தராசில் நின்றேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நாலாம் நாள் காலையில் முதல் ஆள் வந்தான், கோணிப்பையில் பூட்டு. அப்புறம் வரிசையே நின்றது. அக்கரைத் தெருக்காரர்கள் நல்ல பித்தளைப் பூட்டு போடுவார்கள், கனமாக இருக்கும். முதலாளி, “இரும்பைக் கழிச்சுட்டுப் பித்தளைக்கு மட்டும் நிறுடா” என்றார். என் வேலை, ரம்பத்தால் வளையத்தை அறுத்து, நாதாங்கியையும் ஆணியையும் ஒரு குவியலாகவும் பித்தளையை ஒரு குவியலாகவும் போடுவது. ஆறு நாள் அறுத்தேன். ஒன்றில் சாவித் துவாரத்துக்கு மேல் ஒரு குழந்தையின் ஸ்டிக்கர், வாத்துப் படம். ஒன்றைச் சிவப்புத் துணி சுற்றிப் பூட்டியிருந்தார்கள், மழை இறங்காமல். மூன்று நாளுக்கு மழை இறங்காமல்! அதை அறுக்கும்போது துணி ரம்பத்தில் சிக்கிக்கொண்டது.

லாரி வந்து பித்தளையை உருக்க ஏற்றிக்கொண்டு போனது. நினைவகத்துக்குப் பதினாலுதான் மிஞ்சியது என்றால் மற்றவை எங்கே போயின என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. காப்பாளர், “உடைஞ்ச பூட்டு வேணும், பார்க்கிறவங்களுக்கு உடைஞ்சாத்தான் புரியும்” என்று சொன்னபோது, ஐயா, நிஜப் பூட்டு உடைந்திருக்காது என்று சொல்ல வாய்வரை வந்தது. அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். அதனால் அவர் கேட்டபடி உடைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு இதுதான் காரணம். அவள் பூட்டைத்தான் பார்த்தாள், சரியாகப் பார்த்தாள். அறுபதும் பொய், பன்னிரண்டும் நிஜம். பக்கத்தைக் கிழித்தால் நிஜமும் சேர்ந்து கிழியும்.

எண்பத்தாறுக்கும் கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் புதுக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். பெட்டியைத் திறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினேழாம் தேதி, புதன். உங்கள் பிள்ளைகளை அழைத்து வர முடியுமானால் நானே எடுத்து வெளியே வைக்கிறேன். உத்தரவு இல்லை என்றால் யாருடைய அப்பா அம்மா அனுப்புகிறார்களோ அவர்கள் வரட்டும். பஸ் நான் பிடித்துத் தருகிறேன்.

அண்ணியிடம் இரும்புக் கடை விஷயத்தைச் சொன்னேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தவிர வீடு முழுக்கப் பெருக்கினாள்.

பெரிய சகலை


செப்டம்பர் 21

அண்ணனுக்கு,

வந்தவர்கள் பத்தொன்பது பேர். பாதி. உத்தரவை மீறியதற்கு எனக்கு இன்னொரு விளக்கக் கடிதம் வந்திருக்கிறது, அதை என்னிடமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தார்ப்பாயில் அடுக்கியபோது பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். நாற்பதுக்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பன்னிரண்டடிப் பெட்டியில் பதினாலு பூட்டு. ஒப்பந்தக்காரர் மகனும் வந்திருந்தான், சிரிப்பதற்காகத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் அந்தச் சிராயைக் காட்டி, “இது அவங்க கதவு” என்றபோது கண்ணாடிக்கு நெருங்கி வந்து நின்றான். அவன் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தான். அவ்வளவுதான் சொல்ல முடியும், மாறிவிட்டான் என்றெல்லாம் எழுதமாட்டேன்.

அந்தப் பெண் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வாத்துப் படம், சிவப்புத் துணி என்று இரும்புக் கடையில் அறுத்ததை எல்லாம் நீங்கள் பிள்ளைகளிடம் சொல்லி முடித்ததும் அவள் உங்களிடம், “வித்தவங்க யாரு ஐயா?” என்று கேட்டாள். “எத்தனையோ பேரும்மா. முப்பத்து நாலு வருஷம் ஆச்சு, முகமெல்லாம் ஞாபகமில்ல” என்றீர்கள். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

அவள் எழுதியிருப்பது: ‘வாத்துப் படம் ஞாபகம் இருக்கிறது. சிவப்புத் துணி ஞாபகம் இருக்கிறது. கொண்டுவந்தவர்கள் மட்டும் ஞாபகம் இல்லை.’ இதைக் கேள்வியாகக்கூட எழுதவில்லை. முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாள்.

எனக்கும் அதே சந்தேகம். நீங்கள் பத்து வருடத்துக்கு முன் ஆணி வாங்கியவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் இந்தப் பாடத்தை முடிக்கவேண்டும். முடிப்பதற்கு முன் கேட்கிறேன். உங்களுக்கு நினைவில்லை என்றால் நினைவில்லை என்று எழுதுங்கள், நம்புகிறேன். ஆனால் எழுதிக் கொடுங்கள்.

சகலை


செப்டம்பர் 23

சகலைக்கு,

இதை வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் அறையில் ஆள் இல்லாதபோது பிரியுங்கள்.

நினைவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். எழுத்தில் பொய் சொல்ல எனக்கு வரவில்லை, வாயால் வருகிற அளவுக்கு.

இதோடு தனியாக ஒரு தாள் இருக்கிறது. ஏழு பேர். தெருவோடு எழுதியிருக்கிறேன். ஐந்து பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டாவது இருப்பது அந்த ஒப்பந்தக்காரரின் அப்பா, பையன் சொன்னானே, அந்தத் தாத்தா. மூன்று கோணி.

முதலில் இருப்பது நம் மாமனார்.

நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள். கைவண்டியில் கொண்டுவந்தார். நாற்பத்தொரு பூட்டு. மரவேலை செய்துகொண்டிருந்தார் அப்போது, கடப்பாரைகளும் அவருடையவை. அவர் யாரையும் அடித்ததை நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்லமாட்டேன். பூட்டு கொண்டுவந்ததைப் பார்த்தேன். நாற்பத்தொன்றையும் நான்தான் அறுத்தேன். பித்தளையை நிறுக்கும்போது பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்த்தார். நான் ஒரு இழையும் ஏமாற்றவில்லை. போகும்போது, “உன் பேரென்ன தம்பி?” என்று கேட்டுக்கொண்டு போனார்.

ஏழு வருடம் கழித்துப் பெண் கொடுத்தார். எப்படி என்னைத் தேர்ந்தெடுத்தார் என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ‘தராசைப் பிடிக்கிறதைப் பார்த்தேன், கை சுத்தம், அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்’ என்று உங்கள் கல்யாணத்தில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னாரே. எல்லாரும் கை தட்டினோம். அன்றைக்கு நான் நிறுத்தது என்ன என்று யாரும் கேட்டதில்லை. நானும் அவரும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதையே நாங்கள் மரியாதை என்று வைத்துக்கொண்டோம். கிளறினால் என்னோடு நிற்காது என்று எழுதினேன், அது இதுதான்.

இப்போது தாள் உங்கள் கையில். வகுப்பில் வாசிப்பீர்களோ, கிழிப்பீர்களோ, முதல் வரியை மட்டும் வெட்டிவிட்டு மற்ற ஆறையும் வாசிப்பீர்களோ. மூன்றாவது வழிதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதனால் சொல்கிறேன். எதைச் செய்தாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் உண்மையை எழுதிக்கொடு என்று இன்னொரு முறை என்னிடம் கேட்காதீர்கள். என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. கூரியரில் போட்டுவிட்டு வந்து சொல்லப்போகிறேன்.

பெரிய சகலை


செப்டம்பர் 25

அண்ணனுக்கு,

தாள் இன்று முதல் பாடவேளை முடிந்ததும் வந்தது. இன்றைய மீதி வகுப்புகளை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் சொன்ன மூன்றாவது வழி வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே தோன்றிவிட்டது. கத்தரிக்கோல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை யோசித்தேன்.

மாமா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “இன்னைக்கு என்ன பாடம் எடுத்தீங்க மாப்பிள்ளை?” என்றார். தினமும் கேட்பார். ஏதாவது சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். இன்று எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நாளைக்கு எடுக்கப்போறதைக் காட்டறேன் மாமா” என்று தாளைக் கொடுத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியில் நின்றுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. கடைசிவரை படித்தார், விரலை வைத்துக்கொண்டு, மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல. சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணி ஏற்கெனவே அவளிடம் பேசிவிட்டிருந்தார், முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ‘அப்பா’ என்று கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை.

“பெரிய மாப்பிள்ளை எழுத்தா?” என்றார்.

“ஆமா மாமா.”

“வகுப்புல வாசிப்பீங்களா?”

“வாசிப்பேன். முதல் பேர்லேர்ந்து.”

கோபப்படுவார், அழுவார், இல்லை என்பார் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன்.

“ரெண்டு பேரை விட்டுட்டார்” என்றார்.

பேனா கேட்டார். கொடுத்தேன்.

சகலை